கிணற்றுக்கு உரம் வைத்தேன்

எங்கள் முடுக்கில் பதினான்கு வீடுகள். பதினான்கு வீட்டிலும் கிணறு உண்டு. அவற்றில் பதிமூன்று கிணற்றுத் தண்ணீரில் சோறு வைத்தால் சோறு மஞ்சளாகிவிடும், வேட்டியை நனைத்தால் காவி ஏறிவிடும். குடிக்க லாயக்கானது எங்கள் கிணறு ஒன்றுதான். இதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. பூதப்பாண்டியில் பிறந்த நான் கல்யாணமாகி கருங்கல் பக்கத்தில் இந்த வீட்டுக்கு வந்தபோதே கிணறு இங்கே இருந்தது, தண்ணீரும் இப்படித்தான் இருந்தது. ஆனாலும் காலையில் பெண்கள் குடத்தோடு வந்து கப்பியில் கயிற்றைப் போடும் சத்தம் கேட்டால், அந்தத் தண்ணீரை நானே தயாரித்து வைத்ததுபோல எனக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும்.

அந்த மிடுக்கு உச்சத்துக்குப் போவது நோன்பு மாதத்தில். முடுக்கின் கடைசியில் ஒரு சின்னப் பள்ளிவாசல் இருக்கிறது. அங்கே நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நோன்பு முப்பது நாளும் மதியம் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து தண்ணீர் கோரிக்கொண்டு போவார். அவருக்கு முன்னால் அவருடைய வாப்பா வந்துகொண்டிருந்தாராம். "டீச்சருக்க கெணத்து வெள்ளம் இல்லேண்ணா அது கஞ்சி இல்ல, போஸ்டர் ஒட்டுற பசையாக்கும்" என்று ஊரெல்லாம் சொல்லுவார். சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குவாளி நிறையக் கஞ்சி வரும். குடித்துவிட்டு, அதன் ருசியில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கிணற்றுக்குள்தான் சென்ற ஆண்டு, நோன்புக்கு ஐந்தே நாள் இருக்கும்போது, நான் ஒரு டிரம் உரத்தை இறக்கினேன்.

நான் முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தவள். முடுக்கில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள், மீதிப் பேர் அவர்களைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். வகுப்பில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. பாடம் நடத்தும்போது யாரும் நடுவில் பேசக் கூடாது. கேள்வி இருந்தால் கடைசியில் கேட்கலாம். ஓய்வு பெற்ற பிறகு இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். என் வீட்டுக்காரர் தபாலாபீசில் வேலை பார்த்தவர், இயல்பிலேயே அதிகம் பேசாதவர், அதனால் அவருக்கு இது ஒரு கஷ்டமாகத் தெரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் தோட்டத்தில், இங்கே விளை என்போம், இருநூறு ஏத்தவாழை நிற்கிறது. ஓணத்துக்குக் குலை வெட்டுகிற மாதிரி கணக்குப் பண்ணி நட்டது. இவர் உரம் வைப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. ஒவ்வொரு வாழை மூட்டிலும் மண்வெட்டியால் வட்டமாகத் தடம் எடுப்பார், கைப்பிடி உரம் போடுவார், மண்ணைத் தள்ளி மூடுவார், பிறகு அதன்மேல் தண்ணீர் விடுவார். இருநூறு மூட்டுக்கு இரண்டு நாள். மூன்றாம் நாள் நடு முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார். எண்ணெய் காய்ச்சித் தேய்க்கிற வேலை என்னுடையது. விஞ்ஞானத்தின் மேல் எனக்கு இருந்த பற்றுதலில் பாதி அந்த எண்ணெய்ச் சட்டியிலிருந்து வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்தச் சமயம் விவசாயிகளுக்கு நடந்த ஒரு பயிற்சி முகாமுக்குப் போனேன். உரத்தை மண்ணில் போட வேண்டாம், தண்ணீரில் கரைத்துச் சொட்டுநீர்க் குழாய் வழியாக நேராக வேருக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள். கேட்டதும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. தண்ணீர் போகிற குழாயில் நடுவில் வென்சுரி என்று ஒரு குறுகலான பாகத்தை மாட்டுவார்கள். குறுகலில் தண்ணீர் வேகமாக ஓடும், அங்கே அழுத்தம் குறையும், பக்கத்தில் வைத்திருக்கும் டிரம்மிலிருந்து உரக்கரைசலை அது தானாக உறிஞ்சிக்கொள்ளும். நான் பாடம் நடத்திய விஷயம்! இரண்டு நிற மையில் குறிப்பெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இவரிடம் படம் வரைந்து விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "முதுகு வலிக்காதுல்லா?" என்று மட்டும் கேட்டார்.

குழாய் போட முடுக்கின் பிளம்பரைக் கூப்பிட்டேன். அவனுக்கு இப்போது நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், கீழே நான்கு ஆள் வேலை செய்கிறார்கள். எனக்கு அவன் இன்னமும் எட்டாம் வகுப்பு கடைசி பெஞ்சுதான். அவனுடைய அப்பா ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளக்கிறவர். ஒருநாள் வகுப்பில் வடிகுழாய், அதாவது சைஃபன், எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். இவன் எழுந்து, "குழாயில வாய வச்சு ஒரு உறிஞ்சு உறிஞ்சினா, பின்ன அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கும் டீச்சர்" என்றான். வகுப்பு சிரித்தது. பரீட்சையிலும் அந்த ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அதையே எழுதி வைத்திருந்தான். நான் பெரிய முட்டை ஒன்று போட்டு, அன்றைய பாடவேளை முழுக்க வராந்தாவில் நிறுத்தினேன்.

வேலை எல்லாம் முடித்து, கிணற்றடியில் மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று அவன் தலையைச் சொறிந்தான்.

"டீச்சர், ஒரு காரியம் சொல்லட்டா?"

"சொல்லு."

"கெணத்துக்குள்ள பைப்புக்க அடியில கிடக்கிற ஃபுட்வால்வு பழசு, லீக் உண்டு. கரண்ட் போச்சுன்னா பைப்பில உள்ள வெள்ளம் மொத்தமும் கெணத்துக்குத் திரும்பி இறங்கும். டிரம்மில உள்ள உரத்தையும் அது கூடவே இழுத்துட்டுப் போவும். நடுவில ஒரு நான்ரிட்டன் வால்வு போட்டுரலாம். வெள்ளம் போவும், திரும்பி வராது."

வால்வு அவன் பையிலேயே இருந்தது. பித்தளையில், ஒரு சின்ன ஜாதிக்காய் அளவு. என் கண்முன்னால் எடுத்தும் காட்டினான்.

எனக்கு வந்ததே கோபம். வென்சுரி உறிஞ்சுமே தவிர தள்ளாது, தண்ணீர் நின்றால் அதுவும் நின்றுவிடும். இது எனக்குத் தெரியாதா? இதை ஒருவன் எனக்குச் சொல்லித்தர வேண்டுமா, அதுவும் இவனா?

"ஏல, எட்டாம் கிளாசில சைஃபனுக்கு உனக்கு எத்தனை மார்க்கு?"

"முட்டை டீச்சர்."

"அப்போ?"

அவன் வால்வைப் பைக்குள் போட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பு விழா. மற்ற பதிமூன்று வீட்டுக்கும் சொல்லி அனுப்பினேன். ஏத்தம்பழம் அரிந்து பழம்பொரி போட்டு, சாயாவும் கொடுத்தேன். கஞ்சி காய்ச்சுகிறவர் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிளம்பரையும் கூப்பிட்டிருந்தேன். அவன் தோற்றுப்போவதை அவன் பார்க்க வேண்டும் என்ற கெட்ட எண்ணம் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. முக்காலிமேல் இருநூறு லிட்டர் டிரம். அதில் உரப்பொடியைக் கரைத்ததும் தண்ணீர் துணிக்குப் போடுகிற நீலம்போல ஆயிற்று. பெண்கள் அழகாக இருக்கிறது என்றார்கள்.

மோட்டாரைப் போட்டேன். வென்சுரி கிறீச்சிட்டது. டிரம்மிலிருந்து வருகிற மெல்லிய குழாயில் நீலம் ஏறுவதை எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நான் பாடத்தைத் தொடங்கினேன். மூன்று நிமிஷம் ஆகியிருக்கும், கரண்ட் போயிற்று.

கரண்ட் போனால் பாடம் நின்றுவிடுமா? ஃபேனே இல்லாத வகுப்பறைகளில் முப்பத்தொரு வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசியவள் நான். டிரம்முக்கு முதுகைக் காட்டி நின்று, சபையைப் பார்த்து, அழுத்தம் என்றால் என்ன என்று ஆரம்பித்தேன். பின்வரிசையில் பிளம்பர் கையைத் தூக்கினான்.

"கேள்வி கடைசியில."

கையை இறக்கினான். சற்று நேரத்தில் மறுபடி தூக்கினான். நான் பார்க்காததுபோல இருந்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு தரம் இருமினார். இருமலைக் கேள்வியாக எடுத்துக்கொள்கிற வழக்கம் எனக்கு இல்லை. எனக்குப் பின்னால் டிரம்மில் குளுகுளு என்று ஒரு சத்தம் கேட்கவும் திரும்பிப் பார்த்தேன். நீலம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. இறங்கிக்கொண்டும் இருந்தது.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "பாருங்க! இருநூறு வாழையும் எப்படிக் குடிக்குதுன்னு பாருங்க!" என்று கத்தினேன்.

"அம்மோ, என்னொரு தாகம்!" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

கஞ்சி காய்ச்சுகிறவர் காதைச் சாய்த்து, "டீச்சர், மோட்டர் ஓடலியே?" என்றார்.

"கேள்வி கடைசியில."

அவர் வாயை மூடிக்கொண்டு பழம்பொரியைத் தின்றார். நான் டிரம்மின் பக்கத்தில் நின்று, இறங்குகிற நீலத்தை விரலால் காட்டிக் காட்டி, அழுத்த வேறுபாட்டை இன்னும் ஐந்து நிமிஷம் விளக்கினேன். என் வேலைக் காலத்தில் ஒரு சோதனை இவ்வளவு அழகாக நடந்தது கிடையாது. கடைசியில் உறிஞ்சுகுழாய், இளநீரின் அடியில் ஸ்ட்ரா போடுவதுபோல, சர்ரென்று சத்தம் போட்டு நின்றது. டிரம் காலி. சிலர் கைதட்டினார்கள்.

பிளம்பர் எழுந்து நின்றான். கையையும் தூக்கினான்.

"கடைசி வந்தாச்சு டீச்சர். இப்போ கேக்கலாமா?"

"கேளு."

"கரண்ட் போயி பத்து மினிட் ஆச்சு. வெள்ளம் தள்ள மோட்டர் இல்ல. பின்ன டிரம்மில உள்ளது எங்க போச்சு?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயோடு கிணற்றைப் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் கிணற்றைப் பார்த்தார். மற்றவர்கள் பழம்பொரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

"இன்னைக்கு இவ்வளவு போதும்" என்று சபையைக் கலைத்தேன்.

எல்லாரும் போனதும் நான் செய்த முதல் காரியம், கப்பியிலிருந்து கயிற்றை உருவி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. மதியம் குடத்தோடு வந்தவர்களிடம் கயிறு அறுந்துபோயிற்று என்றேன். மூன்று பேர் தங்கள் வீட்டுக் கயிற்றைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்கள். அவர்களிடம் கப்பியும் உடைந்துவிட்டது என்றேன். கப்பி அவர்கள் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று திரும்பிப் போனார்கள். அவர்கள் அப்படி நம்பிப் போனதுதான் என்னைக் குத்தியது.

சாயங்காலம் மேஜையில் காகிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிணற்றின் சுற்றளவு, தண்ணீரின் ஆழம், டிரம்மில் கரைத்த பொடி. பெருக்கி வகுத்துப் பார்த்தேன். வந்த விடை எனக்குப் பிடிக்கவில்லை. கிணற்றின் ஆழத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். விடை நன்றாக வந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். உரம் விழுந்ததே தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டேன்.

"ஒண்ணும் இல்ல. ஒரு நாள் ஆறப்போட்டா போதும்" என்று என் வீட்டுக்காரரிடம் காகிதத்தை நீட்டினேன்.

இவர் அதைப் படிக்கவில்லை. எழுந்து போனார். அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கையைவிட்டுக் கயிற்றை எடுத்தார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கிணற்றில் வாளியை இறக்கி, எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீரை மோந்து கொண்டுவந்து என் காகிதத்தின் மேல் வைத்தார்.

"நீ குடிப்பியா?"

டம்ளரைப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. கையை நீட்டினேன், அது டம்ளர்வரைக்கும் போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வீடு தள்ளி ஒரு கைக்குழந்தை இருக்கிறது, அதற்குப் பால்பொடி கலக்குவது இந்தத் தண்ணீரில். வெள்ளிக்கிழமை நோன்பு. பகல் முழுக்கச் சொட்டுத் தண்ணீர் படாத தொண்டைகளுக்கு முதலில் போவது இந்தத் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சி. நான் குடிக்க மாட்டேன் என்கிற ஒன்றை அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?

மறுநாள் காலை கஞ்சி காய்ச்சுகிறவரைத் தேடிப் போனேன். பள்ளிவாசல் பின்புறம் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுச் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், கயிற்றுப் பொய்யையும் சேர்த்து. அவர் கையை அண்டாவிலிருந்து எடுக்காமல் கேட்டார்.

"நான் திட்டுவேன்னு பயந்தீங்களா டீச்சர்?"

"ஆமா."

"எனக்குத் திட்ட வரல்ல. பயமாக்கும் வருது. நோன்பாளிக்க கையில நான் குடுக்கிற கஞ்சி. அதுல ஒண்ணு கிடந்தா நான் எங்க போயி பதில் சொல்லுவேன்? வெள்ளம் நல்லதாச்சுன்னு தெரியாம இந்த வருஷம் நான் உங்க கெணத்துல வாளி இறக்க மாட்டேன். கோவப்படப்பிடாது."

நான் எதற்குக் கோபப்படப் போகிறேன்.

பள்ளிவாசல் மைக்கில் ஒரு அறிவிப்பு சொல்லச் சொன்னேன். வாசகத்தை நானே எழுதியும் கொடுத்தேன்: மேற்படி கிணற்றில் எதிர்பாராத விதமாக உரக்கரைசல் கலந்துவிட்டதாக அறியப்படுகிறது. அவர் அதை இரண்டு தரம் படித்தார். பிறகு மைக்கைப் பிடித்து, காகிதத்தைப் பார்க்காமலே, "நம்ம டீச்சர் நேத்தைக்கு அவங்க கெணத்துக்கு உரம் வச்சுட்டாங்க. யாரும் அந்த வெள்ளத்தக் குடிக்காதீங்க" என்று சொன்னார். மூன்று முறை சொன்னார். கருங்கல் சந்தைவரைக்கும் கேட்டதாகப் பிறகு தெரிந்தது.

கிணற்றை முழுக்க இறைத்து ஊற்று புதிதாக நிரம்பினால்தான் தண்ணீர் சரியாகும். கோடைத் தொடக்கம். இறைத்தால் ஊறுமா என்று யாருக்கும் நிச்சயமில்லை. நல்ல தண்ணீர் என்று முடுக்கில் இருந்த ஒன்றையும் அடிவரைக்கும் வற்றவைக்கப் போகிறோமோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் மோட்டாரைப் போட்டோம். ஒரு நீளமான ஹோஸ் குழாயை இழுத்து ரோட்டோர ஓடையில் விடலாம் என்று என் வீட்டுக்காரர் போனார்.

"ஓடையிலயா?" என்று எதிர்வீட்டுக்காரி வேலியில் ஏறி நின்று கேட்டாள். "உரவெள்ளத்த யாராவது ஓடையில விடுவாவளா? எனக்க முருங்கைக்குக் கொஞ்சம் திருப்பி விடுங்க."

அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் முடுக்கு முழுக்கத் தங்கள் தங்கள் ஹோஸ் குழாயோடு வந்துவிட்டது. ஒன்றோடொன்று இணைத்து, சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டி, வீட்டுக்கு வீடு முறைவைத்தார்கள். ரசாயன உரமே ஆகாது என்று எனக்கு நாலு வருஷமாக அறிவுரை சொல்லிவந்த ஓய்வுபெற்ற தாசில்தார் தன் கறிவேப்பிலைக்கு இரண்டு முறை கேட்டார். "அவளுக்கு மட்டும் பதினஞ்சு மினிட், எனக்கு பத்தா?" என்று சண்டை. யாருடைய பலா காய்க்கவில்லை, யாருடைய மல்லிகை மொட்டு விடவில்லை என்பதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. திட்டுவார்கள் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒருவரும் திட்டவில்லை. ஒருத்தி மட்டும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "டீச்சர், நேத்தைக்கு எத்தனை கிலோ கலக்கினீங்க? அடிவெள்ளத்துல கொஞ்சம் கூடுதலா இருக்குமா?" என்று விசாரித்தாள்.

திங்கள் ஒரு முறை, புதன் ஒரு முறை கிணறு அடிமண் தெரிய இறைக்கப்பட்டது. என் வாழைக்கு ஒரு முறை கூடக் கிடைக்கவில்லை. என் மோட்டார், என் உரம், என் கிணறு. ஆனாலும் எனக்கும் ஒரு பதினைந்து நிமிஷம் என்று கேட்க எந்த முகத்தோடு போவது?

ஊற்று வந்தது. முதல் நாள் கணுக்கால் அளவு, மறுநாள் முழங்கால். நான் காலையும் மாலையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் பிறை தெரிந்தது. வெள்ளிக்கிழமை கஞ்சி காய்ச்சுகிறவர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய், கேன் தண்ணீர் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனார். என் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வண்டி எங்கள் வாசலில் நிற்காமல் போனது அன்றுதான். சாயங்காலம் வழக்கம்போலத் தூக்குவாளி வந்தது. எனக்கு ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை. முடுக்கிலும் யாரும் கஞ்சியைக் குறை சொல்லவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். அந்தத் 'தான்' எனக்கு மூன்று நாளும் காதில் விழுந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை பரிசோதனை முடிவு வந்தது. குடிக்கலாம் என்று எழுதியிருந்தது. கஞ்சி காய்ச்சுகிறவரிடம் ஓடினேன். காகிதத்தை வாங்கிப் பார்த்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது இன்னைக்கு. நாளைக்குப் பின்னயும் கரண்ட் போவும்லா?"

அதற்குமேல் அவர் சொல்லத் தேவையில்லை. நேராகப் பிளம்பர் வீட்டுக்குப் போனேன். அந்த இருநூறு அடி தூரம் நான் வாழ்க்கையில் நடந்த நீளமான தூரம். அவன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அந்த வால்வு இன்னும் பையில கிடக்கா மக்கா?"

"கிடக்கு டீச்சர்" என்றான். பையை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தான்.

புது ஃபுட்வால்வையும் போட்டான், நான்ரிட்டன் வால்வையும் மாட்டினான். அதற்குள் திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம் அப்படியே வந்து சேர்ந்துவிட்டது. இந்த முறை பழம்பொரி இல்லை, எல்லார் கையிலும் குடம் இருந்தது. கஞ்சி காய்ச்சுகிறவர் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, குடங்களை இறக்காமல் நின்றார். பிளம்பர் டிரம்மில் சும்மா தண்ணீரை நிரப்பி, பார்வைக்குத் தெரிய ஒரு கரண்டி மஞ்சள்பொடி மட்டும் கலக்கினான். தண்ணீர் நிற்கிற மட்டத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். பிறகு சபையைப் பார்த்துப் பேசினான்.

"இது ஒரு கதவாக்கும். வெள்ளம் உள்ள இருந்து தள்ளும்போ திறக்கும். திரும்பி வந்தா அந்த வெள்ளமே கதவ அடைச்சுரும்."

பாடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பிரிங் இருப்பதை அவன் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன்.

"கேள்வி கடைசியில" என்றார் என் வீட்டுக்காரர், எனக்கு மட்டும் கேட்கும்படி.

மோட்டாரைப் போட்டார்கள். மஞ்சள் குழாயில் ஏறியது, சாக்பீஸ் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இறங்கியது. அங்கே இன்னொரு கோடு போட்டுவிட்டு, பிளம்பர் மோட்டாரை நிறுத்தினான். எல்லாரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். தண்ணீர் கோட்டிலேயே நின்றது.

ஆனாலும் கஞ்சி காய்ச்சுகிறவர் அசையவில்லை. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரருக்கும் புரிந்துவிட்டது, உள்ளே போய் அதே எவர்சில்வர் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தார். வாளியை இறக்கி மோந்து என் கையில் கொடுத்தார். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.

முழுவதையும் ஒரே மூச்சில் குடித்தேன். அவசரத்தில் கொஞ்சம் சேலையில் சிந்தியது. பழைய தண்ணீர்தான். அப்படியே இருந்தது. டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினேன்.

அவர் வண்டியிலிருந்து குடத்தை இறக்கினார். கப்பி சத்தம் போட்டது. அந்தச் சத்தத்துக்கு இத்தனை வருஷமாக நான் பெருமைப்பட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் நன்றி சொல்லத் தோன்றியது.

கூட்டம் கலைந்தபிறகு பிளம்பர் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"டீச்சர், இப்போ சொல்லுங்க. அந்த சைஃபனுக்கு நான் எழுதினது தப்பா? ஒரு உறிஞ்சு உறிஞ்சினா, பின்ன அது பாட்டுக்குப் போவும். அன்னைக்கு அப்படித்தானே போச்சு?"

"தப்பில்ல மக்கா" என்றேன். "நான்தான் தப்பாத் திருத்திட்டேன். உன்ன வெளிய நிறுத்தினதும் தப்புதான்."

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"அப்போ அஞ்சுக்கு எத்தனை?"

யோசித்தேன். முப்பத்தொரு வருஷப் பழக்கம், ஒரே வாரத்தில் விட்டுப்போகுமா?

"நாலரை."

"அரை எங்க டீச்சர்?"

"காற்றழுத்தம்னு ஒரு வார்த்தை எழுதலியே."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே பைக்கில் ஏறிப் போனான்.

இப்போது எதிர்வீட்டு முருங்கை எங்கள் மாடிவரைக்கும் வந்துவிட்டது. தாசில்தாரின் கறிவேப்பிலை இலை ஒவ்வொன்றும் வெற்றிலை அளவு. முடுக்கிலேயே சுமாராக இருப்பது என் வாழை ஒன்றுதான். மறுபடி நோன்பு நெருங்குகிறது, எதிர்வீட்டுக்காரி வேலியோரம் வந்து, "டீச்சர், இந்த வருஷம் கெணத்துக்கு உரம் வைக்கலியா?" என்று ஆசையாகக் கேட்கிறாள்.

வால்வு மாட்டிய அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் தூக்குவாளி வந்தது. முதல் டம்ளர் கஞ்சியைக் குடித்தேன், மூன்று நாளாக ஊரே தேடிய ருசி அதில் இருந்தது. இரண்டாவது டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு பிளம்பருக்குப் போன் செய்து, அந்த அரை மதிப்பெண்ணையும் போட்டேன்.